நூலைப் பல்லால் கடிக்கத் தெரியாத தையல்காரி

எனக்குத் தொழில் தையல். வட சென்னையில் எர்ணாவூரில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன், கூடவே ஆரி ஒர்க். தையல் வேலை செய்கிற பெண்கள் யாரையாவது உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். நூலை அறுக்கக் கத்தரியைத் தேடவே மாட்டார்கள். ஊசியை வாய்ப்பக்கம் கொண்டுபோய் முன்பல்லால் நறுக்கென்று ஒரு கடி, அவ்வளவுதான். என் ஆயா அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான். எனக்கு மட்டும் அது வரவே வராது. கடைவாயை எவ்வளவு இறுக்கிக் கடித்தாலும் முன்னால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும். நூல் அந்தச் சந்தில் சும்மா ஊஞ்சலாடும். அதனால் பதினைந்து வயதிலிருந்தே ஒரு குட்டிக் கத்தரியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலை.

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் ஓப்பன் பைட். அளந்து பார்த்தபோது எனக்கு 7 மில்லிமீட்டர். எங்கள் கணக்கில் கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. பிளவுஸில் கால் இஞ்சு ஒரு விஷயமே இல்லை, பிடித்துத் தைத்துவிடலாம். வாயில் அது ஜன்னல்.

அந்த ஜன்னலோடு என்னென்ன சாப்பிட முடியாது என்பதை அது இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். மாங்காய்ப் பத்தையைக் கடிக்க முடியாது, வாயின் ஓரத்தில் வைத்து நாய் எலும்பைக் கடிப்பதுபோல் கடிக்க வேண்டும். பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைக்குப் போனால் அதுதான் பெரிய அவமானம். எல்லாரும் நூடுல்ஸை இழுத்து முன்பல்லால் வெட்டி, மீதியைத் தட்டில் விடுவார்கள். எனக்கு ஒன்று முழு இழையையும் உறிஞ்சியாக வேண்டும், இல்லை கையால் பிய்த்துப் போட வேண்டும். தோழிகள் கூப்பிட்டால் ‘எனக்கு முட்டை மசால் போதும்பா’ என்று தப்பித்துக்கொள்வேன். பேச்சிலும் வம்பு உண்டு. ‘ஸ்’ சொல்லும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப்பார்க்கும். என் பெயரிலேயே இரண்டு ‘ஸ்’.

இப்போது வாய் மூடிவிட்டது. எப்படி என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துக்கொண்டே கதை சொல்லி வாய் வலிக்கிறது. எண்ணூறு ரூபாய்ப் புடவை சாயம் போனால் கடைக்கு அரைப் பக்கம் விமர்சனம் எழுதுகிற ஆள் நான். இதற்குச் செலவழித்தது மூன்றரை லட்சத்துக்கு மேல், இதற்கு எழுதாமல் எப்படி. கிளினிக் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் போடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அதனால்.

முதலில் ஏமாந்த கதை. 2015-ல் எனக்குப் பதினெட்டு வயது. ஒரு கிளினிக்கில் காட்டினோம். பார்த்தவுடனே ‘ரெண்டு வருஷம் கிளிப் போட்டா மூடிடும்’ என்றார்கள். நைனா ஏலச்சீட்டை எடுத்துக் கட்டினார். முன்பற்களுக்கு மேலும் கீழுமாக ரப்பர் மாட்டிவிட்டார்கள். அந்தக் குட்டி ரப்பர் வளையங்களை ராப்பகலாக மாட்டி, சாப்பிடும்போது மட்டும் கழற்றி, திரும்பவும் மாட்டி. மூடத்தான் செய்தது. கிளிப் கழற்றிய அன்று தெருவில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தோம். ஒரு வருஷம் ஆவதற்குள் ஜன்னல் பழையபடி திறந்துகொண்டது. சிரித்தால் ஈறு வேறு முன்பைவிட அதிகம் தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு ‘நீ ரிட்டெய்னர் சரியா போட்டிருக்க மாட்ட’ என்று பழியை என் தலையில் கட்டினார்கள். ரிட்டெய்னர் என்பது கிளிப் கழற்றிய பிறகு பல் நகராமல் இருக்க மாட்டிக்கொள்வது. நானும் நம்பினேன். ஐந்து வருஷம் அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் இருந்தேன்.

2022-ல் வண்ணாரப்பேட்டையில் ஜரிகை வாங்கப் போனபோது, எம்.சி. ரோட்டை ஒட்டின சந்தில், மாடியில் பல் சீரமைப்பு கிளினிக் ஒன்றைப் பார்த்தேன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வந்துவிடும். போனது கீழ்ப்பல் ஒன்று கூசுகிறது என்று காட்டத்தான். அங்கிருந்த டாக்டரம்மா கூசின பல்லைப் பார்க்கவே இல்லை. ‘கடிச்சுக் காட்டுங்க. எச்சில் விழுங்குங்க. ஒரு கதை சொல்லுங்க’ என்று என்னைப் பேச வைத்து நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கவாட்டில் தலை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். செஃப் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தப் படத்தின்மேல் கோடு கோடாகப் போட்டு எனக்கு விளக்க ஆரம்பித்தார். எலும்புப் பெயர்களாக வந்தது, தலைகால் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். என் கழுத்தில் தொங்கிய கத்தரியை வாங்கினார். அதன் திருகாணிக்குப் பக்கத்தில், இரண்டு அலகுக்கும் நடுவே, ஒரு துண்டு பஞ்சை வைத்து அழுத்தினார்.

‘இப்ப மூடுங்க.’

மூடவில்லை. நுனி இரண்டும் விலகியே நின்றது.

‘இதுதாம்மா உங்க வாய். நுனில ஒரு கோளாறும் இல்ல. கீல்கிட்ட எலும்பு அதிகமா எறங்கி வளர்ந்திருக்கு. முன்னாடி நுனியப் புடிச்சு இழுத்து மூடினாங்க. எத்தன நாள் நிக்கும்?’

ஐந்து வருஷப் பாரம் அந்த ஒரு பஞ்சுத்துண்டில் இறங்கிவிட்டது. நான் ரிட்டெய்னர் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன்.

அதாவது ஓப்பன் பைட்டில் இரண்டு ஜாதி. பல் மட்டும் விலகி நிற்பது ஒன்று, விரல் சூப்பியோ நாக்கைத் தள்ளியோ வருவது. அதைக் கிளிப்பால் சரிசெய்யலாம். தாடை எலும்பே அப்படி வளர்ந்திருப்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் கலந்தது. ஒன்பது வயது வரை கட்டைவிரல் சூப்பினேன். மூக்கடைப்பால் எப்போதும் வாயால்தான் மூச்சு. ஆயா வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள், நான் அதையும் சேர்த்துச் சூப்பினேன். வாய் திறந்தே இருந்தால் கடைவாய்ப் பக்கம் எலும்பு கீழே இறங்கி, முகம் நீளமாக வளர்வதுண்டாம். என் பழைய பள்ளிக்கூடப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன், அதில் நான் ஒருத்திதான் வாயைத் திறந்துகொண்டிருக்கிறேன்.

வழி இரண்டு சொன்னார். ஒன்று, எலும்பில் சின்ன ஸ்க்ரூ வைத்து, அதில் பிடிப்பு கொடுத்துக் கடைவாய்ப்பற்களை மேலே ஏற்றுவது. கத்தி இல்லை. ஆனால் அது சின்ன இடைவெளிக்குப் பொருந்தும், என் 7 மில்லிக்கும் நீள முகத்துக்கும் போதாது. இரண்டாவது, கிளிப்பும் தாடை ஆபரேஷனும் சேர்ந்தது. மேல்தாடையைக் குறுக்கே அறுத்து, பின்பக்கம் 4 மில்லி போல எலும்பை எடுத்துவிட்டு, தாடையை மேலே ஏற்றிப் பொருத்துவார்கள். கீழ்த்தாடை காதுக்கு முன்னால் இருக்கிற கீலில் தானாகவே மேலே சுழன்று வந்து கடியும். திருகாணிப் பக்கம் கொஞ்சம் எடுத்தால் நுனியில் நிறைய மூடும், கத்தரிக் கணக்குதான். எனக்குக் கீழ்த்தாடை இடப்பக்கம் லேசாக ஒதுங்கியும் இருந்ததால் அதையும் இரண்டு பக்கமும் பிளந்து நேராக்க வேண்டும் என்றார்.

சரி, பயந்தேனா? பயந்து மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்பிப் போக வைத்தது ஒரு சின்ன விஷயம். அந்தக் கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தாடை சர்ஜன் சாரும் வந்து உட்காருவார். டாக்டரம்மாவும் அவரும் ஒரே மேஜையில், ஒரே எக்ஸ்ரேயை வைத்து, என் முன்னாலேயே வாதாடினார்கள். ‘கீழ்ப்பல்லை இன்னும் நேராக்கணும், இல்லன்னா எனக்கு எடம் பத்தாது’ என்று அவர். ‘நேராக்கினா ஈறு தாங்காது, ரெண்டு மில்லி குறைச்சுக்கோங்க’ என்று இவர். அந்தச் சண்டையைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியம் வந்தது. கட்டிங் மாஸ்டரும் தையல் மாஸ்டரும் பேசிக்கொள்ளாத கடையில் துணி கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கட்டடத்தையும் ஏசியையும் பார்க்க வேண்டாம். இரண்டு டாக்டரும் உங்களை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். கிளிப் மாட்டுவதற்கு முன்னாலேயே பார்ப்பார்களா என்று கேளுங்கள். முதலில் கிளிப் போட்டுவிட்டு ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

2022 செப்டம்பரில் கிளிப் போட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் 15 மாதம். இந்தக் காலத்தைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள், எனக்கும் சொல்லவில்லை. இது என் முதல் புகார். சாதாரணமாகக் கிளிப் போட்டால் மாதத்துக்கு மாதம் அழகு கூடும். இதில் குறையும். தாடைக் கோளாறை மறைக்கப் பற்கள் இத்தனை வருஷம் தாமாகவே சாய்ந்து சமாளித்திருக்கும். அந்தச் சாய்வையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பில் நேராக நிறுத்துகிறார்கள். அப்போது கோளாறு அப்படியே அம்மணமாக வெளியே தெரியும். என் 7 மில்லி 9 ஆனது. அத்தை வீட்டுக்கு வந்தவள் பார்த்துவிட்டு, ‘இன்னாடி இது, துட்டு குடுத்துக் கெடுத்துக்கினியா?’ என்றாள். ராத்திரி அழுதேன். மறுநாள் கிளினிக்குக்கு போன் அடித்தால் ரிசப்ஷனில் இருக்கிற பெண் ‘அப்படித்தான் ஆகும் மேடம்’ என்றாள். அதை முதல் நாளே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கலாம் இல்லையா?

மற்றபடி கிளிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கன்னம் உரசிப் புண்ணாகும், மெழுகு வைத்துக்கொள்ள வேண்டும். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டின குமிழ் விழுந்தால் ஒன்றுக்கு 300 ரூபாய் கேட்டார்கள். தட்டை கடித்து விழுந்தது என் தப்பு, கம்பி மாற்றும்போது ஜூனியர் டாக்டர் கையில் விழுந்ததற்கும் கேட்டது அவர்கள் தப்பு. சனிக்கிழமை மாலை போனால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டில் வண்டி விட இடமே கிடையாது, மெட்ரோதான் கதி. கீழ்த்தாடையில் அறுக்கப்போகிற இடத்தில்தான் ஞானப்பல் இருக்கும் என்பதால் ஆறு மாதம் முன்னாலேயே கீழ் ஞானப்பல் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். அந்த வலிக்குப் பிறகு ஆபரேஷன் வலி பெரிதாகத் தெரியவில்லை என்பது என் கருத்து.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆபரேஷனுக்கு முன்னால் அச்சில் செய்து பார்த்த ஒத்திகை. என் பல்லுக்கு அச்செடுத்து, பிளாஸ்டர் மாவில் இரண்டு தாடையும் செய்து, அதைக் கடிக்கிற மாதிரி ஒரு கருவியில் மாட்டி வைத்திருந்தார் சர்ஜன் சார். பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, பின்பக்கம் சீவிவிட்டு ஒட்டிக் காட்டினார். பிளாஸ்டர் பல் நறுக்கென்று மூடியது. பேப்பர் கட்டிங் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பட்டில் கத்தரி வைக்கிறார் என்று நான் சொன்னதும் சிரித்தார். அந்த மாதிரியை வைத்து ஒரு பிளாஸ்டிக் தகடு செய்தார்கள். ஆபரேஷனின்போது அதைப் பல்லுக்கு நடுவில் வைத்தால் தாடை எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கும். மேல்தாடையை அறுக்கிற அந்த முறைக்கு லெ ஃபோர் என்று பெயர். ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு டாக்டர், முகத்தில் அடிபட்டால் எலும்பு எந்தெந்தக் கோட்டில் விரிசல் விடுகிறது என்று பிணங்களின் மண்டையை வைத்து ஆராய்ந்து 1901-ல் எழுதினாராம். உடைகிற கோட்டிலேயே கணக்காக உடைத்துச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார்கள். கீழ்த்தாடையைப் பிளக்கிற வழி 1957-ல் ட்ரௌனர், ஓப்வேகேசர் என்ற இரண்டு பேர் எழுதியது. கேட்டால் எல்லாம் சொல்கிற டாக்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார், அது வேறு.

தேதியை நான்தான் குறித்தேன். மார்கழி. அந்த மாதம் கல்யாணம் இல்லை, ஆரி பிளவுஸ் ஆர்டர் வராது, தொழில் கெடாது. 2023 டிசம்பர் 18, மார்கழி இரண்டாம் நாள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நாங்கள் பக்கத்து வீட்டு மாடியில். தேதி தள்ளிப்போகும் என்று நினைத்தேன், போகவில்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். வாயில்தான் வேலை என்பதால் மயக்க மருந்துக் குழாய் மூக்கு வழியாகப் போனது. வெட்டெல்லாம் வாய்க்கு உள்ளேதான், முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. எலும்பைச் சேர்த்துப் பிடிக்க டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும். அந்தக் காலத்தில் வாயைக் கம்பியால் கட்டி வாரக்கணக்கில் பூட்டி வைப்பார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். தகடு இருப்பதால் எனக்குக் கம்பிக்கட்டு இல்லை, கிளிப் கொக்கிகளில் ரப்பர் மட்டும். கண் விழித்தபோது முதலில் நாக்கால் முன்பல்லைத் தேடினேன். நாக்கு வெளியே போக வழியில்லை. மூடியிருந்தது! அந்த ஒரு நொடிக்காக மூன்றரை லட்சம் கொடுக்கலாம் என்று அப்போது தோன்றியது. இரண்டாம் நாள் வீக்கம் வந்து முகம் பூசணிக்காய் ஆனதும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியைப் பற்றி. கிளினிக் வேறு, ஆஸ்பத்திரி வேறு. சர்ஜன் சார் ஆபரேஷன் செய்கிற தனியார் ஆஸ்பத்திரி அது, தியேட்டர் பிரமாதம், வார்டு மோசம். வாயில் ரப்பர் பூட்டிக் கிடக்கிற எனக்கு இரண்டாம் நாள் காலை கேன்டீனிலிருந்து நாலு இட்லியும் கெட்டிச் சட்னியும் வந்தது. நான் கையைக் காட்டுகிறேன், வாயைக் காட்டுகிறேன், அந்த அண்ணன் ‘ஏம்மா, பொங்கல் வேணுமா?’ என்கிறார். சிரிக்கவும் முடியவில்லை. ராத்திரி டியூட்டி நர்ஸுக்கு சிரிஞ்சில் குழாய் மாட்டிக் கஞ்சி கொடுக்கத் தெரியவில்லை, அம்மாதான் யாரோ ஒரு பயிற்சி டாக்டரைப் பிடித்துக் கற்றுக்கொண்டாள். கையெழுத்து வாங்கிய தாள் பதினோரு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். உதடு மரத்துப்போகும் என்பதும் மூக்கின் அடி கொஞ்சம் அகலமாகலாம் என்பதும் அதில் எங்கேயோ இருந்திருக்கிறது. மூக்கு அகலாமல் இருக்க உள்ளே ஒரு தையல் போட்டு இழுத்துக் கட்டுவார்களாம், சுருக்குப் பைக்குப் போடுகிற மாதிரி. அப்படியும் எனக்குக் கொஞ்சம் அகன்றுதான் இருக்கிறது. மூக்குத்தி இப்போது எடுப்பாக இருப்பதாக அம்மா சொல்கிறாள், அம்மா வேறு என்ன சொல்வாள்.

பில்தான் பெரிய அடி. முதலில் சொன்ன தொகை 2,20,000. டிஸ்சார்ஜ் அன்று தகடுக்கும் ஸ்க்ரூவுக்கும் தனியாக 42,000 என்றார்கள். தகடு இல்லாமல் தாடையை ஒட்டுப்பசை போட்டா ஒட்டுவீர்கள் என்று நைனா கேட்டார். பதில் இல்லை. கிளிப்புக்கு 65,000, ஞானப்பல்லுக்கு 12,000, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தனி. எங்கள் காப்பீட்டில் கேட்டதற்கு ‘அழகு சிகிச்சை’ என்று தள்ளுபடி செய்தார்கள். மென்று தின்ன முடியாதது அழகுக் குறையா? கிளிப் போடும் நாளிலேயே, கடி அளவும் மெல்லுவதில் இருக்கிற சிரமமும் எழுதின கடிதம் ஒன்றை டாக்டரிடம் வாங்கி, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அந்தப் புத்தி வரவில்லை. அம்மாவின் வளையல் இரண்டும் இன்னும் அடகுக் கடையில்தான்.

மதிப்பெண் போடச் சொன்னால், டாக்டரம்மாவுக்கும் சர்ஜன் சாருக்கும் ஐந்துக்கு ஐந்து. கிளினிக்குக்கு மூன்றரை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு, அதுவும் தியேட்டருக்காக.

ஆறு வாரம் மெல்லக் கூடாது. முதல் இரண்டு வாரம் முழுக்கத் தண்ணீர் ஆகாரம். கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்து, பருப்புத் தண்ணி, இளநீர், பால், ஆட்டுக்கால் சூப், நண்டு ரசம், எல்லாவற்றையும் என் லைனிங் துணியில் வடிகட்டி அம்மா கொடுத்தாள். 54 கிலோ இருந்தவள் 47 ஆனேன். கீழுதடும் முகவாயும் முழுக்க மரத்துக் கிடந்ததால் கஞ்சி வழிவதே தெரியாது, யாராவது சொன்னால்தான் துடைத்துக்கொள்வேன். கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டுதான் சாப்பாடு. மூக்குச் சிந்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மார்கழிப் பனியில் மூக்குச் சிந்தாமல் இருந்து பாருங்கள், தெரியும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் செய்யும்போது ஒரு சின்னக் கத்தரி கொடுத்து, எப்போதும் கிட்டேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாந்தி வந்தாலோ மூச்சு முட்டினாலோ ரப்பரை வெட்டிவிட வேண்டும், எந்தெந்த ரப்பர் என்று கண்ணாடியில் காட்டிக் கொடுத்தார்கள். எனக்கு எதற்குப் புதுக் கத்தரி, கழுத்தில்தான் ஒன்று தொங்குகிறதே என்று சைகை காட்டினேன். எட்டாம் நாள், டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. ஜனங்கள் குழந்தை குட்டியோடு ராத்திரியோடு ராத்திரியாக ஓடின செய்தி போன் போனாக வந்தது. எங்கள் பக்கம் நெடி இருந்ததா, பயத்தில் இருந்ததாகத் தோன்றியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூக்கில் ரத்தம் உறைந்து பாதி அடைப்பு, வாய் பூட்டு. ஓடச் சொன்னால் எந்த வழியாக மூச்சு விடுவேன்? ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கத்தரியைப் பிடித்து, விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஆயா என் முதுகைத் தடவிக்கொண்டே ‘வெட்டிடு கண்ணு, உசுருதான் பெருசு, பல்லு கெடக்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெட்டவில்லை. மறுநாள் கிளினிக்குக்கு போன் செய்தேன், அப்போது டாக்டரம்மாவே எடுத்துப் பேசினார், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் கிளினிக்குக்கு மூன்றிலிருந்து மூன்றரை ஆக்கினேன்.

ஏழாவது வாரம் நைனா காசிமேட்டிலிருந்து சுறா வாங்கிவந்தார். சுறாப் புட்டு மெல்லவே வேண்டாம், வாயில் போட்டால் உதிரும். பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு அம்மா செய்தாள். அவ்வளவு நாள் கழித்துக் காரம் நாக்கில் பட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகும் எட்டு மாதம் கிளிப் வாயிலேயே இருந்தது, கடைசிக் கடி சரிசெய்ய. 2024 ஆகஸ்டில் கழற்றினார்கள். இதில் எல்லாரும் கவனிக்காமல் விடுவது நாக்கை. இருபத்தைந்து வருஷம் ஜன்னல் வழியாக வெளியே போய்ப் பழகின நாக்கு, எலும்பை மாற்றினதும் திருந்திவிடாது. விழுங்கும்போது பல்லைத் தள்ளிக்கொண்டே இருந்தால் மறுபடி திறந்துகொள்ளும். ஒரு குட்டி ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து, மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டி, அது விழாமல் எச்சில் விழுங்க வேண்டும். கேட்க எளிது. முதல் நாள் இருபது தடவையில் பதினெட்டு தடவை வளையத்தை முழுங்கப் பார்த்தேன். பட்டன்ஹோல் கட்டும்போதெல்லாம் இதைச் செய்து பழகினேன். முதல் கிளினிக்கில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தக் கிளினிக்கிலும் ஆபரேஷனுக்குப் பிறகுதான் சொல்லிக்கொடுத்தார்கள், முன்னாலேயே தொடங்கியிருக்கலாம்.

யாருக்குச் சொல்வேன் என்றால், சின்னப் பிள்ளை விரல் சூப்பினாலோ வாயைத் திறந்தே தூங்கினாலோ முதலில் மூக்கையும் தொண்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள், வேப்பெண்ணெய் போதாது. எலும்புக் கோளாறு என்றால் வளர்ச்சி முடிகிறவரை ஆபரேஷன் செய்ய மாட்டார்கள், அவசரப்பட்டுப் பயனில்லை. கையில் காசு இல்லாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். 1953-லிருந்து இருக்கிறது, பல் சீரமைப்புக்கும் தாடை அறுவைக்கும் அங்கே தனித்தனித் துறைகள் உண்டு, ஒரே வளாகத்தில். எனக்கு அது முன்னாலேயே தோன்றியிருந்தால் வளையல் கையில் இருந்திருக்கும். நடையும் காத்திருப்பும் அதிகம் என்று சொல்வார்கள், என் கிளினிக்கிலும்தான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

இப்போதைய நிலவரம்: இடப்பக்க முகவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மரத்திருக்கிறது. இனி முழுசாக வராமலும் போகலாம் என்றார் சர்ஜன் சார். குளிர்காலத்தில் தகடு இருக்கிற இடம் லேசாகக் கடுக்கும். ‘ஸ்’ சுத்தமாக வருகிறது, போனில் பேர் சொன்னால் திருப்பிக் கேட்பதில்லை. பர்மா பஜாரில் அத்தோ சாப்பிட்டேன், இழையை வெட்டி வெட்டி, இரண்டு தட்டு. முட்டை மசால் வாங்கவே இல்லை.

கிளிப் கழற்றின அன்று டாக்டரம்மாவிடம் ‘இனிமே நூல் கடிக்கலாமா?’ என்று கேட்டேன். அதற்காகத்தானே இத்தனையும். ‘அய்யய்யோ, நூல் மட்டும் கடிக்கவே கூடாது. பல் நுனி தேய்ஞ்சு, கீறல் விழும். தையல்காரங்க பல்லுல நான் எத்தன பேருக்குப் பாத்திருக்கேன்’ என்றார். என் கத்தரியைத் தொட்டுக் காட்டி, ‘இது எதுக்கு இருக்கு?’ என்று வேறு கேட்டார்.

போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி, பதினாறு பிளவுஸ் பாக்கி, கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி எந்தத் துணிக்கு அடியில் போனதோ தெரியவில்லை. எதிரில் ஆயா காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசியை வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஒரு கடி கடித்தேன். ஆயா தலையை நிமிர்த்திப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, தன் நூலையும் கடித்துவிட்டு அடுத்த பிளவுஸை எடுத்தாள். அடுத்த மாதம் ரிட்டெய்னர் செக்கப்புக்குப் போக வேண்டும். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்வதாக இல்லை.